கையில் கட்டிப் பார்த்த கல்

போன மாதம் அட்டனுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த வாசம் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையிலைக் காரம் ஏறிவிட்டதென்று நினைத்து அவர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே நான் ஒன்றும் சொல்லாத ஆள்தான். வீடு திரும்பும்போது றொசல்லையில் இறங்க வேண்டியவள், பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்ப நடந்து வந்த நாட்கள் எத்தனையோ உண்டு. சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கே சிரிப்புதான்.

மடியில் ஒரு பை. பைக்குள் பழைய பவுடர் டின். டின்னுக்குள் அம்மா விட்டுப்போனவை: சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி, ஒரு மூக்குத்தி, தாலியிலிருந்து கழற்றிய தங்கக் குண்டு இரண்டு, ஒரு நீலக் கல். பொன்னைப் பற்றி எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. தோடும் குண்டும் தம்பி வீட்டுக்கு, மூக்குத்தி எனக்கு என்று அம்மா இருக்கும்போதே பேச்சு. அந்தக் கல்லை என்ன செய்வதென்றுதான் எட்டு மாதமாக எனக்குத் தெரியவில்லை. அட்டனில் கல் வாங்கி விற்கிற முஸ்லிம் பெரியவர், நானா என்போம், ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டலாம் என்று புறப்பட்டிருந்தேன்.

அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்ததே வெற்றிலை வாசத்தோடுதான்.

அப்பா கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை அறுத்துக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் எங்கள் பக்கம் கான் என்போம். ஒருநாள் ஓடைக்கு மேலே புதுக் கான் வெட்டும்போது மண்வெட்டியில் இது தட்டுப்பட்டிருக்கிறது. தோட்டத்து மண்ணில் எது கிடைத்தாலும் அது தோட்டத்துக்குத்தான் என்று கணக்கப்பிள்ளை அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார். அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லைத் துடைத்து வாயில் போட்டு, வெற்றிலையோடு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். வேலை முடியும் வரை யார் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தானாம். அப்பா ஓயாமல் பேசுகிற மனிதர். பல்வலி என்று நினைத்துக் கணக்கப்பிள்ளை கிராம்பு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் உள்ளங்கையில் துப்பினார். வெற்றிலைச் சாற்றில் அது ஆட்டு ஈரல் துண்டு மாதிரிக் கிடந்தது. அம்மா சட்டித் தண்ணீரில் அலசி எடுத்தபோதுதான் நீலம் தெரிந்தது. நானும் தம்பியும் மாறி மாறிக் கண்ணில் வைத்துப் பார்த்தோம். அடுப்பு நீலமாக இருந்தது. அம்மாவும் நீலமாக இருந்தாள். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்த நாள் என்று யோசித்தால் எனக்கு அது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. வேறு நாட்களும் இருந்திருக்கும்.

கினிகத்தேனைக்குக் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா கோயில் பூசாரியைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டாள். நீலம் சனிக்குரிய கல், ஆகிவிட்டால் குடியைத் தூக்கிவிடும், ஆகாவிட்டால் குடியையே முடித்துவிடும், அதனால் வீட்டில் ஒருவர் கையில் மூன்று நாள் கட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நல்லது நடந்தால் வைத்துக்கொள்ளலாம். கெட்டது நடந்தால் அவிழ்த்துவிட வேண்டும்.

அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி விறகு ஊதிக்கொண்டிருந்தேன்.

"பொட்டப்புள்ள கையிலயே கட்டுங்க. பயலுக்கு என்னமும் ஆயிறப்போவுது."

அப்பா மறுக்கவில்லை. இதை எழுதும்போது அம்மாவை மட்டும் குறை சொல்லத் தோன்றுகிறது. ஆனால் முழங்கைக்கு மேலே துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டது அப்பாதான். வலிக்குதா என்று கேட்டு, கொஞ்சம் தளர்த்தியும் விட்டார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அது என்ன கட்டு என்று கேட்டார். புண் என்றேன். மருந்து போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். இரண்டு பொய். கல் என் தோலில் குத்திக்கொண்டே இருந்தது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, மறைக்கக் கூடாது. வீட்டின் அதிர்ஷ்டமே என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கையை ஆட்டாமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் சரியான மழை. விறகுக் கட்டோடு ஓடையைத் தாண்டி வந்த அப்பா, குறுக்கே போட்டிருந்த மரத்தில் வழுக்கி விழுந்து பாறையில் தலை அடிபட்டார். கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. திருப்பித் தூக்கி வந்தார்கள்.

அப்பாவை உள்ளே கிடத்திய பிறகு அம்மா நேராக என்னிடம் வந்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நானும் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மழையில் நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்கிற வரைக்கும் என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அந்த மழையில் கீழ் லயத்தில் ஒரு பெரியவரும் செத்தார். அவர் வீட்டில் யார் கையிலும் கல் இருக்கவில்லை. இது எனக்கு உறைக்க எத்தனையோ வருடம் ஆனது. சின்ன வயதில் உறைத்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்?

கல் ஆகவில்லை என்று சொல்லியிருந்தால் கல்லோடு போயிருக்கும். அம்மா "இவளுக்கு ஆகல" என்றாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் காலம் முழுக்கப் போனது. அவ்வளவு பொல்லாத கல்லை ஓடையில் எறியத்தானே வேண்டும்? எறியவில்லை. தாலிக் குண்டோடு சேர்த்துத் துணியில் முடிந்து வைத்தாள். ஏனம்மா வைத்திருக்கிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "தம்பிக்கு ஒரு காலம் வரும்" என்றாள்.

பள்ளிக்கூடம் நின்றது. பிறகு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனேன். தம்பி படித்தான். அவனும் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை, இருந்தாலும் கினிகத்தேனையில் ஒரு கடை வைக்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

என்னைப் பெண் பார்க்க ஒரே ஒரு ஆள் வந்தார். வட்டவளைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. சட்டையெல்லாம் தேயிலைத் தூள் வாசம். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. கொழுந்து பறிக்கிறவளுக்குத் தூள் வாசம் பிடிப்பது என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள், பச்சைக் கொழுந்துக்கு வேறு வாசம். அவர் என்னிடம், "படம் பாக்க ஆசையா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய அக்கா திரும்பிப் போகும் வழியில் பீலியில் கால் கழுவ நின்றிருக்கிறாள். தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எல்லாரும் இருக்கிற இடம். அங்கே யாரோ கல் கதையைச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. யார் சொன்னது என்று நான் தேடவில்லை. அம்மாதான் அப்போது குடத்தோடு பீலிக்குப் போயிருந்தாள். கேட்காமலே அவள் எனக்குப் பதில் சொன்னாள்: "மறச்சுக் கட்டிக்குடுத்தா நமக்குத்தான் பாவம்."

கடைசி நான்கு வருடம் அம்மா படுக்கையில். குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன். போவதற்கு இரண்டு நாளைக்கு முன் டின்னை எடுக்கச் சொன்னாள்.

"நீலத்தத் தம்பிகிட்டக் குடுத்துரு. நீ கையால தொடாத. துணியோட எடு."

அவள் வாயைத் துடைத்துவிட்டு நானும் சரி என்றேன்.

கருமாதி முடிந்ததும் தோட்டையும் குண்டையும் கொடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. கொடுக்கவில்லை. டின்னைத் திறக்கவே மனம் வராமல் தள்ளித் தள்ளிப் போட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியே வந்தான், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. பிஸ்கட் பெட்டி வாங்கி வந்திருந்தான். தம்பி பிஸ்கட் வாங்கி வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகப்போகிறான். சாத்திரம் பார்த்ததில் நீலம் போட்டால் ஓஹோ என்று இருப்பான் என்று சொன்னார்களாம். ஆனால் போடுவதற்கு முன்னால் கட்டிப் பார்க்க வேண்டுமாம். தேத்தண்ணியை ஊதிக்கொண்டே தம்பி சொன்னான்:

"ஒரு மூணு நாளைக்கு ஒங்க கையில கட்டிப் பாருங்கக்கா. ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவனுக்கு அது ஒரு பழைய தமாஷ். நான் பேசாமல் இருந்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே பேசினான். இந்த வயதில் எனக்கு இனி என்ன ஆகப்போகிறது, அப்படி ஏதும் ஆனாலும் பின்னால் அழப் பிள்ளை குட்டியா இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னான். அந்தப் பேத்தி வாசல் படியில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பத்து வயது.

"ஓம் பேத்தி கையில கட்டிப் பாரேன்" என்றேன்.

"என்னக்கா பேசுறீங்க? பச்சப்புள்ள."

"எனக்கும் அப்ப அதே வயசுதான்."

தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். பேத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையை இழுத்துப் பேசிவிட்டேனே என்று எனக்கு உடனே நாக்கு கூசியது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அடுத்த வாரம் வந்து கல்லை எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான். அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். அப்படித்தான் அந்த பஸ் பயணம்.

நானாவின் கடைக்கு எதிர்ப்பக்கம் அரை மணி நேரம் நின்றேன், உள்ளே போக வெட்கம். கடைசியில் அவரே கூப்பிட்டார். கல்லைச் சிமிட்டா இடுக்கியில் பிடித்து, டோர்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்லு நெசந்தான். உள்ளுக்கு வெடிப்பு ஈக்கி. பட்ட வெட்டினா ரெண்டு துண்டாப் போகும்" என்றார். அவர் பேச்சில் ஈக்கி என்றால் இருக்கு. பெரிய விலை இல்லை, விற்பதென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

நான் விலையைக் கேட்கவில்லை. ஆகாதவர் கையில் இருந்தால் இது ஆளைக் கொல்லுமா என்று கேட்டேன். அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேசை மேலே காகிதத்தில் மடித்த நீலக் கற்கள் ஏழெட்டுக் கிடந்தன.

"நாப்பது வருஷமா இந்த மேசையில வச்சித்தான் நான் சோறு தின்றேன்மா. எனக்கு சீனி வருத்தம் மட்டுந்தான் ஈக்கி."

சர்க்கரை நோயைச் சொல்கிறார், சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். நம்பியிருந்தால் அதைவிட மோசம். ஒரே காம்பிராவில் ஐம்பது வருடத்துக்கு மேல் என்னோடு இருந்தவள், அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்?

விற்கவும் மனம் இல்லை. வாங்குகிறவர்களும் மூன்று நாள் யார் கையிலாவது கட்டிப் பார்ப்பார்கள். யார் கையில் கட்டுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். தம்பிக்குக் கொடுத்தாலும் அதுதான். எறிந்தாலும் இன்னொருவர் கண்ணில் படும்.

வீட்டுக்கு வந்து வாசல் கல்லில் அதை வைத்து, சாக்கால் மூடி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சுத்தியலால் அடித்தேன். முதல் இரண்டு அடியும் வழுக்கிப் போயின. மூன்றாவது அடியில் நானா சொன்ன வெடிப்பில் பிளந்தது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. சாக்கை எடுத்துப் பார்த்தால் நீலத்தையே காணோம். உப்புத்தூள் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

தம்பிக்கு போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். பைத்தியமா என்று கேட்டு வைத்துவிட்டான். தோட்டையும் குண்டையும் பேத்தியின் பேரில் கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டார்கள். அவன் வருவது நின்றுவிட்டது.

அப்பா வெட்டிய கான் இருந்த மலையில் இப்போது யாரும் கொழுந்து எடுப்பதில்லை, காடாகிப் பன்றி அடைந்துகிடக்கிறது. கல் கதை தெரிந்த சனங்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பேர் கொழும்புக்குப் பிள்ளைகளோடு போனார்கள். பக்கத்துக் காம்பிராவுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தையை என்னிடம் நீட்டி, "கொஞ்ச நேரம் வச்சிருங்கம்மா" என்கிறாள். தம்பியின் பிள்ளைகளில் ஒன்றைக்கூட, நடக்கிற வயது வரை, அம்மா என் கையில் தந்ததில்லை. அறுபத்தெட்டு வயதில்தான் நான் ஒரு பச்சைக் குழந்தையை முதன்முதலாகத் தூக்கினேன். நல்ல கனமான பிள்ளை. அரை மணி நேரத்துக்கு மேல் என் இடுப்பு தாங்குவதில்லை, பாயில் கிடத்திவிடுகிறேன்.