தேன் நிறக் கோட்டு

மிலான் நகரத்து நாடக அரங்கு ஒன்றில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டிவைக்கிற வேலை எர்சிலியாவுக்கு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்குக் கறுப்புச் சீருடைதான். ஊருக்கு அப்படியா? இலை உதிரத் தொடங்கியதும் மணல் நிறம், பால் கலந்த காப்பி நிறம், தேன் நிறம் என்று அவள் கம்பி முழுக்கக் கோட்டுகள் தொங்கும். நடுவில் ஒரு சிவப்புக் கோட்டு வந்துவிட்டால், "வெளியூர்க்காரி" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

இந்தப் பொன்னிறம் தன் முகத்துக்கு எப்படி இருக்கும்? வருஷக்கணக்காக அவளை அரித்த கேள்வி இது. கடையில் போட்டுப் பார்க்கலாமே என்றால், கூச்சம்! வாங்காமல் திரும்பினால் கடைக்காரி பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்பப்பா. வந்தவர்களின் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாலோ வேலை போய்விடும். போன குளிர்காலத்தில் ஒருத்திக்கு அப்படித்தான் சீட்டுக் கிழிந்தது.

அன்று உள்ளே நாடகம் நடந்துகொண்டிருந்தது. வெளியே ஈ காக்கை இல்லை. நாடகம் பார்க்க வந்திருந்த சிக்னோரா பெலோத்தி அம்மாளின் தேன் நிறக் கோட்டு, தங்கப் பொத்தான்களோடு, கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. மனசு கேட்குமா? போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முகம் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி வெளிறிக் கிடந்தது. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"என் கோட்டுல அப்படி என்ன சிரிப்பு?"

நாடகம் பிடிக்காமல் எழுந்து வந்த பெலோத்தி அம்மாள் பின்னால் நின்றாள். எர்சிலியாவுக்கு உயிரே போய்விட்டது.

"மன்னிச்சிருங்க சிக்னோரா. இந்த நிறம் எனக்கு எப்படி இருக்கும்னு பாக்க ஆசை."

"எப்படி இருக்கு?"

"சகிக்கல."

"எனக்கு? பொய் சொன்னே, மேனேஜரைக் கூப்பிட்டிருவேன்."

போகிற வேலை உண்மையைச் சொல்லியே போகட்டும் என்று எர்சிலியா துணிந்துவிட்டாள். "உங்களுக்கும் அதே கதிதான். காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவங்க மாதிரி இருக்கீங்க."

"அடிப்பாவி! 'மகாராணியாட்டம் இருக்கே'ன்னு என் நாத்தனார் பத்து வருஷமா சொல்லிட்டிருக்காளே!" அந்த அம்மாள் கோட்டுக் கம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, அந்தப் புகையிலை நிறத்தை எடு. நீ அந்தச் சாம்பலைப் போடு."

"ஐயோ, அது வேற யாரோடதோ..."

"எடுடீ."

இருவரும் மூன்றாவது கோட்டுக்கு மாறிக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்துவிட்டார்.

"எர்சிலியா! என்ன நடக்குது இங்க?"

பெலோத்தி அம்மாள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"நிறம் பாக்கறோம். வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க."

மேலாளர் தள்ளி நின்றார்.