மரக்காணத்தின் சார்பாக ஒரு பொன்னாடை

இங்கே பாரீஸில் இருமலைக்கூட அடக்கி வைத்திருந்து இருமுகிறார்கள். நான் வேலை பார்க்கும் இசையரங்கத்தில் ஒரு பகுதியை வாசித்து முடித்து வயலின் வில்லைக் கீழே இறக்கியதும் மூலைக்கு மூலை லொக்கு லொக்கென்று கிளம்பும். அடுத்த பகுதி தொடங்கியதும் கப்சிப். நடுவில் கைதட்டவும் கூடாது. தாமதமாக வருகிறவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்து, அந்த இருமல் நேரத்தில் உள்ளே விட்டு, சின்ன டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்தபடி முதுகை வளைத்துக்கொண்டு போய் இருக்கையில் உட்கார வைப்பதுதான் என் வேலை. வழியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் 'பார்தோன், பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இந்த ஊரைக் குறை சொல்ல மாட்டேன். தெருவுக்கு ஒரு நாடகக் கொட்டகை, சந்துக்கு ஓர் ஓவியக்கூடம். மாதத்தின் முதல் ஞாயிறன்று பல அருங்காட்சியகங்களில் காசில்லாமல் உள்ளே விடுவார்கள். நானும் என் மனைவி லூர்தும் பாலிதீன் பையில் புளிசோறு கட்டிக்கொண்டு போய்விடுவோம். லூர்து பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். அவள் வழியில்தான் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிய குடும்பத்துப் பையன் இன்று இப்படிப்பட்ட அரங்கத்தின் கதவைத் திறந்து விடுகிறேன் என்றால் எனக்குப் பெருமைதான்.

எங்கள் மரக்காணத்தில் கச்சேரி வேறு மாதிரி. நாதஸ்வரக்காரர் உச்சத்தில் ஊதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார். மேளம் நிற்கும். போர்த்தியவர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்வார்கள். கீழே விசில் பறக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிப்பு தொடரும். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் போர்த்தினால் அது சேர்த்தியே இல்லை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. என் அக்கா அஞ்சலை உயிர் தப்பினாள். ஆனால் அவள் வேலை செய்த உப்பளத்தில் வரப்புகள் கரைந்து, பாத்திகளில் சேறு நிறைந்துவிட்டது. வேலை இல்லை. சில வாரங்கள் கழித்து எங்கள் அரங்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பெயர்பெற்ற செல்லோக் கலைஞர் ஒருவர், வயதான அம்மா, அந்தக் கரையோர மக்களுக்காக ஊதியம் வாங்காமல் வாசிக்கப்போகிறார். வசூல் முழுவதும் அங்கே போகும். சந்தோஷத்தில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நமக்கோசரமாடா வாசிக்கிறாங்க? அப்ப ஒரு பொன்னாடை போட்டுடு."

"இங்க அதெல்லாம் பழக்கம் இல்லக்கா."

"அவங்களுக்கு இல்லன்னா இன்னா? நமக்கு இருக்குதுல்ல. நமக்கோசரம் வாசிச்சவங்கள வெறுந்தோளோட அனுப்புனோம்னு பேர் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

எங்கள் கல்யாணத்தில் விழுந்த பொன்னாடைகளில் ஒன்று வீட்டில் டிவியை மூடிக்கொண்டிருந்தது. பச்சை நிறம், அகலச் சரிகை. லூர்து அதைத் துவைத்து இஸ்திரி போட்டாள். நான் மேற்பார்வையாளர் மதாமிடம் போய், நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு சால்வை போர்த்தலாமா என்று கேட்டேன்.

"மேடையில் ஹீட்டர் இருக்கிறது. அவருக்குக் குளிராது" என்றார் அக்கறையோடு.

"குளிருக்கு இல்லை மதாம், மரியாதைக்கு."

"மரியாதைக்குப் பூங்கொத்து. அதற்கு ஆள் போட்டாயிற்று. ஊழியர்கள் மேடை ஏறக்கூடாது, உங்களுக்குத் தெரியும்."

தெரியும். என் ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது, அதைப் புதுப்பிப்பது இவர் கையில் என்பதும் தெரியும்.

அன்று அந்த அம்மா வாசித்தார். ஆளுயர வயலின் போன்ற வாத்தியம் அது. இசை நுணுக்கம் எனக்குத் தெரியாது, ஆனால் கதவோரம் நின்று அழுதேன். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பூங்கொத்து வந்தது. எங்களுக்காக இரக்கப்பட்டார்கள், பணம் கொடுத்தார்கள், நன்றிதான். ஆனால் கை நீட்டி வாங்கிக்கொள்வது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும் என்று இவர்கள் நினைத்துவிடக் கூடாதே. போனால் போகட்டும் வேலை என்று மேடையேறிவிட்டேன்.

போர்த்தினேன். மைக் இல்லை. அதனால் தொண்டை கிழிய, தமிழிலேயே கத்தினேன். "மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள் சார்பாக இந்தப் பொன்னாடையை அணிவிக்கிறேன்!"

அரங்கம் அடங்கிப்போனது. ஓர் இருமல் இல்லை.

"மராகனாம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எங்கள் ஊர், மதாம். நீங்கள் வாசித்தது எங்களுக்காகத்தான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னார். நம் ஊரில் பெரிய மனிதர்கள் பொன்னாடையைத் தோளில் விழுந்த வேகத்திலேயே உருவி உதவியாளரிடம் கொடுத்துவிடுவார்கள். இவர் இரண்டு முனைகளையும் மார்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இன்னொரு பாட்டு வாசித்தார்.

மறுநாள் மதாம் கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றுதான் போனேன்.

"நீங்கள் அந்த ஊர் என்று ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே, மதாம்."

"அடுத்த முறை முன்பே சொல்லுங்கள். மைக் வைக்கிறேன்." ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தும் கொடுத்தார்.

2006 ஆடி மாதம், அரங்கத்தின் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். உப்பளத்தில் மறுபடியும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மன் கோயில் திருவிழாவில், பொழுது சாயும் நேரம், மேடையேறி நாதஸ்வரக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினேன். மைக் உறுமியது.

"பாரீஸ் மாநகரத்தைச் சேர்ந்த திரு. ஏழுமலை அவர்கள்…"

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். "யோவ், பாரீஸ் இன்னாய்யா பாரீஸு? அவன் அங்கயே மரக்காணம்னு சொன்னவன். மரக்காணம்னு சொல்லுய்யா!"

கூட்டம் சிரித்து விசிலடித்தது. மைக் பிடித்தவர் திருத்திச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி மேடையை விட்டு இறங்கினேன். மேளம் தொடங்கிவிட்டது. தாமதமாக வந்த ஒரு குடும்பம் இடம் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய், ஊரிலும் பழக்கத்தில் வைத்திருந்த டார்ச்சை எடுத்தது. முதுகை வளைத்து, மணலில் வெளிச்சம் காட்டி அவர்களுக்கு முன்னால் நடந்தேன். கால் மடக்கி உட்கார்ந்திருந்த என் ஊர்க்காரர்களிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன்: "பார்தோன், பார்தோன்."