பிழையே இல்லாத நிலையம்

அந்த வானிலை நிலையத்தில் எல்லோரும் அவளைப் பாதரசம் என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றழுத்தமானியைப் படித்து எழுதுவது அவள் வேலை என்பது பாதிக் காரணம். அவளுக்குக் கோபம் ஏறுவதையும் இறங்குவதையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது மீதி. இருபத்தாறு வருஷமாக, தன் முறை வரும் நாளெல்லாம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கருவியைப் படித்து, எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியவள்.

அந்த எண் கடல் தாண்டிப் போகும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பெரிய கணினி, பல நாட்டு நிலையங்கள் அனுப்பும் எண்களையும் செயற்கைக்கோள்கள் மேலிருந்து அளந்ததையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பண்ணி, நாளைக்கு எங்கே என்ன வானிலை என்று சொல்லும். செயற்கைக்கோளுக்கு மேகம் நன்றாகத் தெரியும். அந்த மேகத்துக்கு அடியில் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை யாராவது தரையில் நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த யாராவது தான்தான் என்பதில் பாதரசத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சம்பளத்தில் ஒன்றும் கூட்டிக் கேட்கவில்லையே.

வினை இடம் மாறியதில் ஆரம்பித்தது. பழைய கட்டடம் ஒழுகுகிறது என்று நிலையத்தை மேட்டுக்கு மாற்றினார்கள். முப்பத்தைந்து மீட்டர் உயரம் கூடியது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் வெளிநாட்டு மையத்தின் பட்டியலில் பழைய உயரமே இருந்தது. அதனால் பாதரசம் எதை அனுப்பினாலும் நாலு மில்லிபார் குறைவாகவே அங்கே தெரிந்தது. கருவி கோளாறு என்று முடிவு கட்டி, கணினி அவள் எண்களைத் தள்ளிவிட்டது. மாதாமாதம் வரும் சந்தேகப் பட்டியலில் நிலையத்தின் பெயர் ஏறியது.

பட்டியலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். பாதரசம் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் நிலைய அதிகாரியின் மேஜையில் தூங்கின. அவருக்குச் சுமுகம் என்று பெயர். எதைக் கேட்டாலும், “எல்லாம் சுமுகமா போகட்டும்மா” என்பார்.

“உயரத்தை மாத்தச் சொல்லி எழுதினா, இடம் மாறி ரெண்டு வருஷமா ஏன் வாயத் தொறக்கலன்னு மேல கேப்பாங்க. எதுக்கு வம்பு?” என்றார், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. “நான் ஒரு வழி சொல்றேன். அவங்க கணினி நம்ம இடத்துல இத்தன மணிக்கு இவ்வளவு அழுத்தம் இருக்கும்னு முன்னாடியே சொல்லிடுதுல்ல? அந்த எண்ணையே நாம அளந்ததா அனுப்பிடுங்க. வித்தியாசமே வராது.”

பாதரசத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டாள்:

“அவங்க எச்சிலை அவங்களுக்கே ஊட்டச் சொல்றீங்களா சார்?”

“சாப்பிடற நேரத்துல என்னம்மா பேச்சு இது” என்று பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, தீவு நிலையத்தில் ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார்.

அவள் கணவர் பஸ் டிரைவர், கீழே பணிமனையில் வேலை. மகள் நர்சிங் கடைசி வருஷம். தீவுக்குப் போனால் குடும்பம் மூன்று துண்டு. பாதரசம் வாயை மூடிக்கொண்டாள்.

நாலு மாதம் அப்படியே ஓடியது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கணினித் திரையைப் பார்த்து எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், எழுந்துபோய்க் கை கழுவினாள். உண்மையான அளவையும் படித்துத் தன் சொந்த டைரியில் குறித்துவைத்தாள். அதனால் யாருக்கு என்ன லாபம்? ஒருத்தருக்கும் இல்லை. திருட்டுத்தனம் பண்ணிக்கொண்டே நாணயமும் பேசுகிற பிழைப்பு என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அந்த நாலு மாதத்துக்குள் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குக் கருவி 998.4 காட்டியது. மூன்று மணிக்கு 991.2. மூன்று மணி நேரத்தில் ஏழு மில்லிபார் இறக்கத்தை அவள் தன் பணிக்காலத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். கருவியைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி படித்தாள். அதே 991.2. திரையில் கணினி சாவகாசமாக 1003.6 என்றது.

பேனா கையில் இருந்தது. உண்மையை அனுப்பினால், தப்பு என்று கணினி தள்ளிவிடலாம். ஆனால் தள்ளிவிட்டதை எடுத்துப் பார்க்கிற மனுஷர்கள் அங்கே இருக்கிறார்கள். யாராவது ஒருவர் புருவத்தைத் தூக்கியிருக்கலாம். பாதரசம் எதிர் அறையை எட்டிப் பார்த்தாள். சுமுகம் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் 1003.6 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போய்க் கை கழுவினாள்.

நாலரை மணிக்குக் காற்று வந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை, எங்கிருந்து வரும்? பணிமனைக் கூரையின் தகரம் பெயர்ந்து, பஸ்ஸை உள்ளே விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்த அவள் கணவரின் வலது கைமேல் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. ஸ்டியரிங் பிடித்த மனுஷர் இப்போது பணிமனை அலுவலகத்தில் இடது கையால் நேரம் குறிக்கிறார்.

இவ்வளவும் நடந்த பிறகு விருது வந்தது. ஆமாம், விருது. வெளிநாட்டு மையமும் இவர்கள் துறையும் கூட்டாக நடத்திய தரவுக் கருத்தரங்கில், நாலு மாதமாகப் பிழையே இல்லாத நிலையம் என்று சான்றிதழ். வாங்க வேண்டியது கையெழுத்துப் போட்ட பாதரசம்.

கூடம் குளுகுளுவென்று இருந்தது. மேடையில் பெரிய பூங்கொத்து. எல்லை கடந்த ஒத்துழைப்பு பற்றிச் சுமுகம் இருபது நிமிஷம் பேசினார். பாதரசத்துக்கு எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வரலாமா என்று இருந்தது. சான்றிதழைக் கொடுத்தவர் அந்த மையத்திலிருந்து வந்த அம்மாள், சந்தேகப் பட்டியலைத் தயார்செய்பவரே அவர்தான்.

மைக்கைப் பிடித்துப் பாதரசம் சொன்னாள்: “இந்த நாலு மாசமா நாங்க எதையும் அளந்து அனுப்பல. உங்க எண்ணையே திருப்பி அனுப்பினோம்.”

சுமுகம் மொழிபெயர்ப்பாளரின் காதருகே குனிந்தார். “ரொம்ப நன்றின்னு சொல்றாங்கன்னு சொல்லிடுங்க.”

மொழிபெயர்ப்பாளர் விழித்தார். பாதரசத்துக்குப் பொறுக்கவில்லை. சான்றிதழைத் திருப்பி, பின்பக்கம் அந்தத் தேதியைப் போட்டு, மூன்று மணி என்று குறித்து, 1003.6 என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 991.2 என்று எழுதி, கைப்பையிலிருந்த டைரியையும் சேர்த்து நீட்டினாள். எண்ணுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு? படிக்கப் படிக்க அந்த அம்மாளின் சிரிப்பு வற்றியது. ஏன் இப்படி என்று கேட்டார். உயரம் தப்பு என்றும் மூன்று கடிதம் மேஜையில் கிடக்கிறது என்றும் பாதரசம் சொன்னதை, இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

திருத்தப் படிவத்தை அங்கேயே எடுத்தார்கள். சபை முழுக்கப் பார்க்க, சுமுகம் பக்கத்து ஆளிடம் பேனா கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா இரண்டு வருஷம், இதற்கா இரண்டு விரல் என்று பாதரசம் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

வீட்டில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். “எங்க, சர்ட்டிபிகேட்டக் காட்டு. மாட்ட ஆணியெல்லாம் தேடி வச்சிருக்கேன்.”

அவள் உட்கார்ந்தாள். “என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, மூன்று மணிக்குக் கருவியில் பார்த்தது, திரையைப் பார்த்து எழுதியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இடது கையால் அந்த ஆணியை மேஜைமேல் வைத்தார்.

“அவங்களுக்கு எதையோ அனுப்பித் தொலை. மூணு மணிக்கே தெரிஞ்சிருக்கு உனக்கு. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா.”

இருபத்தாறு வருஷத்தில் அது அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.