மலர்கொடி எடுக்கத் தயங்கிய பெயர்

மலர்கொடியும் நானும் பதினேழு வருடமாக ஒரே கேன்டீனில் வேலை பார்க்கிறோம். சுரங்கத்துக்கு முதல் ஷிப்ட் போகிறவர்களுக்கு இட்லி அவள் பொறுப்பு, சாம்பார் என் பொறுப்பு. இருவரும் கான்ட்ராக்ட்தான். மந்தாரக்குப்பத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கிறது.

போன வைகாசியில் ஒரு நாள் இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் மகள் எழில்மதி போன் பண்ணினாள். கை ஈரம் என்று மலர்கொடி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இப்பத்தான் ஸ்டேட்டஸ் பாத்தன். திரும்பவும் தள்ளிட்டாங்க. என் பேரு வேற கார்டுல இருக்குதுன்னு வந்திருக்குது."

மலர்கொடி சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த வேற கார்டு மலர்கொடியின் ரேஷன் கார்டுதான்.

எழில்மதிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மாப்பிள்ளை அருண்ராஜ் மைன்ஸில் கான்ட்ராக்ட் டிரைவர். இந்திரா நகரில் வாடகைக்கு இருக்கிறார்கள். புது ரேஷன் கார்டு கேட்டு இரண்டு முறை எழுதிப் போட்டார்கள். ஒரு பெயர் ஒரு கார்டில்தான் இருக்கலாம். மாப்பிள்ளையின் பெயரை அவன் அம்மா தன் கார்டிலிருந்து எடுத்துவிட்டார். எழில்மதியின் பெயரை மலர்கொடிதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் ரகசிய நம்பர் அவள் போனுக்குத்தான் வரும். அவள் எடுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவரும் கார்டில்லாமல் கடை அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள். அருண்ராஜுக்கு இரண்டு மாதமாக வண்டி வேறு கொடுக்கவில்லை.

"எடுத்துடறன் எடுத்துடறன்னு எத்தினி மாசமாடி சொல்லிக்கினு இருக்க?" என்று கேட்டேன்.

"எடுக்கறங்கா. இந்த மாசம் அரிசி வாங்கிட்டு எடுக்கறன்."

"போன மாசமும் இதத்தான சொன்ன?"

"போன மாசம் சக்கர வாங்கலக்கா."

சிரிப்பு வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை.

காடாம்புலியூரில் இருக்கும் சம்பந்தி ஆதிலட்சுமியின் வாய்க்கு இது அவலாகக் கிடைத்தது. முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் பத்துப் பேர் காதுபடச் சொன்னாராம், "எங்க புள்ள பேர நாங்க மறுநாளே எடுத்துட்டம். அவங்களுக்கு நாலு கிலோ அரிசி கொறையுதுன்னு பொண்ணு பேர வுட மாட்டங்கறாங்க." அந்த நாலு கிலோவையும் அதற்கு மேலேயும் மாதாமாதம் கட்டைப்பையில் கட்டி மகள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் மலர்கொடி. அது எனக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளோடு நானும் போனேன். எழில்மதிக்கு அப்போது நாலாவது மாதம். பையை வாங்கிக்கொள்ளாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அரிசிய எடுத்துக்கினு போம்மா."

"ஏன்டி, புழு கிழு ஒண்ணும் இல்ல. பொடச்சித்தான் எடுத்தாந்தன்."

"உன் அரிசி வேணாம்மா. இது பொறந்தா இது பேர எந்த கார்டுல எழுதறது? நீயே சொல்லு. உன் கார்டுலயா?"

மலர்கொடி மகளின் வயிற்றைப் பார்த்தாள். பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் மலர்கொடி வாயைத் திறந்தாள்.

"அக்கா, அவரு போனப்ப கார்டுல அவரு பேர எடுக்கப் போனனே, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் கலியன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த வாரத்திலேயே இ-சேவை மையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"அங்க இருந்த பையன் கேட்டான், பேர நீக்கறதுக்கு இன்னா காரணம்னு. எனக்கு வாயே வரல. அவனே இறப்புன்னு போட்டான். அப்புறம் போன்ல வந்துச்சி, பெயர் நீக்கப்பட்டதுன்னு. அதே மாதிரி உசுரோட இருக்கற புள்ளைக்கி எப்படிக்கா செய்யச் சொல்றது? வயித்துல வேற ஒண்ணு இருக்குது."

மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாலு கிலோ அரிசி என்று ஊர் பேசியபோதும் இதைச் சொல்லவில்லை. சொன்னாலே பலித்துவிடும் என்ற பயம்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதுதான். முருகனிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று மட்டும் சொன்னேன்.

"அவ கேட்டதும் சரிதானக்கா," என்றாள் பஸ் ஏறும்போது. "பொறக்கற புள்ள பேர எங்கதான் எழுதறது?"

கிருத்திகையன்று லீவு போட்டுவிட்டு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போனோம். "எழில்மதி, ரோகிணி நட்சத்திரம்" என்று மகள் பெயரைச் சொல்லி மலர்கொடி அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தாள். குருக்கள் பெயரைச் சொன்னதும், "இன்னொரு வாட்டி சொல்லுங்க சாமி" என்றாள். அவரும் முகம் சுளிக்காமல் இன்னொரு முறை சொன்னார். நெற்றியில் விபூதியோடு நேராக இ-சேவை மையம்.

அங்கே இசைப்பிரியா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்யாணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"காரணம் இன்னா போடட்டும்மா?"

மலர்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "இன்னா இன்னா காரணம் இருக்குது? நான் பாக்கலாமா?"

அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மலர்கொடி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"திருமணம்னு தனியா இருக்குதே."

"இருக்குதும்மா. இங்க பேரு எடுக்க வர்றவங்கள்ள பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்க. கல்யாண சீசன் முடிஞ்சா எனக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது."

"அன்னிக்கி எனக்கு இத யாரும் காட்டலம்மா."

"அன்னிக்கி நீங்க வேற எதுக்கோ வந்திருப்பீங்க."

மலர்கொடி தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "திருமணம்னே போடும்மா. நல்லாப் பாத்துப் போடு."

போனுக்கு நம்பர் வந்தது. நான் வாங்கிப் படிக்கப் போனேன், அவள் கொடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகத் தானே சொன்னாள்.

எட்டு நாளில் பெயர் எடுபட்டது. அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டாயா, தூங்கினாயா, கால் வீங்கியிருக்கிறதா என்று அரைமணி நேரம் கேட்டாள். அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

புது விண்ணப்பத்தின் நம்பரைத் தன் போனில் வாங்கிக்கொண்டாள். தினமும் முதல் ஈடு இட்லி இறக்கியதும் ஸ்டேட்டஸ் பார்ப்பாள். ஒரு மாதம் வரை பேப்பர்களைச் சரிபார்க்கிறார்கள் என்றே வந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் கருணாகரன் கேலி பண்ணினார்.

"இன்னா மலர்கொடி, இன்னிக்காவது உம் பொண்ணு பாஸா?"

"பேப்பர் திருத்திக்கினு இருக்காங்க சார்."

பிறகு கள ஆய்வு என்று வந்தது. அதாவது ஆபீசிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். தனி அடுப்பு, தனிச் சமையல் இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். அவர் வந்த நேரம் எழில்மதி ரசம் தாளித்துக்கொண்டிருந்தாளாம். வாசனை பிடித்தே எழுதிக்கொண்டு போயிருப்பார் என்று மலர்கொடி எல்லாரிடமும் சொன்னாள். அருண்ராஜுக்கும் அந்த வாரம் வண்டி கிடைத்தது.

ஆவணி கடைசியில் ஒப்புதல் என்று வந்தது. அதைச் சொல்ல மலர்கொடி முதலில் போன் பண்ணியது ஆதிலட்சுமிக்குத்தான். "சம்பந்தியம்மா, நம்ம புள்ளைங்களுக்கு கார்டு வந்துடுச்சிங்க" என்று மட்டும் சொன்னாள். வளைகாப்புக்கு முந்திரிப்பருப்பு நான் கொண்டுவருகிறேன் என்று பதில் வந்தது.

வளைகாப்புக்கு நாலு நாள் முன்னால், புதுக் கார்டுக்கு முதல் அரிசி வாங்க நாங்கள் மூன்று பேரும் போனோம். மாசமான பெண் என்று வரிசையில் முன்னால் விட்டார்கள். கடைக்காரர் கார்டை வாங்கிப் பார்த்து, "குடும்பத் தலைவி யாரு?" என்று கேட்டார். பழக்க தோஷத்தில் மலர்கொடி முன்னால் போய் மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை.

"நீங்க இந்த கார்டுலயே இல்லியே ஆயா," என்றார் அவர்.

"ஆமாம்பா, நான் இல்ல," என்று சிரித்துக்கொண்டே நகர்ந்து மகளுக்கு வழி விட்டாள். "தலைவி இவதான்."