மாணவர் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி

பரீட்சை நெருங்கினால் எங்கள் பாடசாலையில் முதலில் காணாமல் போவது குடியியற் கல்விப் பாடவேளைதான். “டீச்சர், இன்னைக்கு ஒங்க பாடத்த தாங்களேன், எனக்கு கணக்கு முடியல்ல” என்பார்கள் மற்ற டீச்சர்மார். வாங்கியதைத் திருப்பித் தந்தவர் யாருமில்லை. நானும் கண்டியில் நடக்கும் கல்வி வலயக் கூட்டங்களில் இதைப் பற்றி வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஒரு காரியாலயத்துக்குள் போய் தன் தேவையைக் கேட்கத் தெரியாத பிள்ளைகளை வளர்த்துவிட்டு பரீட்சையில் எத்தனை ஏ என்று எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்பேன். நான் எழுந்தாலே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். உண்மையைச் சொன்னால், தனியாக நின்று பேசுகிறவள் என்ற அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

இந்த வருடம் ஒரு கல்விப் பணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் மாணவர் பாராளுமன்றத்தைப் பார்க்க வருகிறேன், நன்றாக இருந்தால் குடியியல் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று வலயம் முழுவதற்கும் சுற்றறிக்கை போடச் சொல்கிறேன் என்றார். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்குப் போனேன். கால் வலிக்கவே இல்லை.

எங்கள் பாராளுமன்றம் நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களின் கேள்விகளை நான் எழுதிக் கொடுப்பேன். அமைச்சர்களின் பதில்களும் என்னுடையவைதான். பிள்ளைகள் பாடமாக்கி வந்து ஒப்புவிப்பார்கள். எனக்குத் தெரிந்த மற்ற டீச்சர்மாரும் அப்படியே செய்ததால் இதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மஹய்யாவயிலிருந்து வரும் ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்திக்கு நூலகம் பற்றிய கேள்வியைக் கொடுத்திருந்தேன். பணிப்பாளர் முன்னால் அவள் எழுந்தாள். “கௌரவ சபாநாயகர் அவர்களே,” என்று பாடமாக்கியபடி தொடங்கியவள் ஒரு நொடி நின்றாள். பிறகு, “பொம்பளப் புள்ளைங்க டொய்லட்ல தண்ணி வாறதே இல்ல. டீச்சர்மாரோடதுல மட்டும் வருது. எங்களுக்கு எப்ப வரும்?” என்றாள்.

சபாநாயகராக இருந்த பையன் என்னைப் பார்த்தான். சுகாதார அமைச்சரும் என்னைத்தான் பார்த்தாள். பாடசாலை அதிபரின் முகம் இறுகிவிட்டது. சுற்றறிக்கை கைநழுவிப் போகிறதே என்ற ஒரே பயம் எனக்கு. பின்னால் நின்றபடி உள்ளங்கையைத் தாழ்த்தி, உட்கார் என்று காட்டினேன். அவள் உட்கார்ந்தாள். அடுத்த பிள்ளை எழுந்து மரநடுகை பற்றிக் கேட்டது.

போகும்போது பணிப்பாளர், “புள்ளைங்க நல்ல ஒழுக்கம்” என்றார். அன்று பாடசாலை விட்ட பின் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“நான் கேட்டது பிழையா டீச்சர்?”

“பிழையில்ல புள்ள. கேட்ட எடந்தான் சரியில்ல.”

கூட்டங்களில் என்னிடம் யாராவது இதையே சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளிடம் சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. ஆசிரியர்களின் கழிப்பறைச் சாவி என் கைப்பையில்தான் கிடக்கிறது. அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். இனி யாரும் தொட முடியாத என் முதல் பாடவேளையில், “இந்த முறை கேள்விங்கள நீங்களே எழுதுங்க” என்றேன். வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவள்தான் ஒரு தாளை நீட்டி, “இதக் கேக்கலாமா டீச்சர்?” என்றாள். மாகாண சபைகள் எத்தனை என்று எழுதியிருந்தாள்.

“இது வேணாம். அன்னைக்குக் கேட்டதையே கேளு” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

அவள் என்னைச் சமாதானப்படுத்துகிறவள் மாதிரி சிரித்தாள்.

“அது பரவால்ல டீச்சர். நாங்க இப்ப ஸ்கூலுக்கு வந்தா தண்ணி குடிக்கிறதில்ல.”