தேன்பாறைக்கு எத்தனை அடி

நடந்ததை வரிசைப்படுத்திச் சொன்னால்:

1. மலைத்தேனீக்கள் பழைய பாறையை விட்டு, யாரும் இறங்காத புதுப்பாறைக்குக் குடிபோயின.
2. அங்கே இறங்கித் தேன் எடுக்கப்போவதாக மாமா சொன்னார்.
3. கொடியேணி எவ்வளவு நீளம் வேண்டும் என்று அத்தை கணக்குப் போட்டார்.
4. கணக்கு தப்பு.
5. தப்பைக் காட்டிக்கொடுத்தது ஒரு பென்சில்.

மாமா என் அம்மாவின் தம்பி. அத்தை என் அப்பாவின் தங்கை. கொல்லிமலைக்கு ரோடு வராமல், துரைமார் டோலியில் ஏறி வந்த காலம். அத்தை அடிவாரத்தில் விடுதியில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்தார். லீவுக்கு வந்தால் அவருடைய ஜாமென்ட்ரி பெட்டி என் கையில்தான் இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது.

ஏணியை உச்சியில் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தேனை எடுத்துக்கொண்டு அப்படியே கீழே இறங்கிவிட வேண்டும். நிறைகுடத்தோடு மேலே ஏற முடியாது. ஆகவே ஏணி தரையைத் தொட்டாக வேண்டும். கயிறு விட்டு அளக்கப் பார்த்தார்கள். நடுப்பாறைப் புதரில் அது சிக்கிக்கொண்டது.

“நான் அளக்கறேன்” என்றார் அத்தை.

“ஏனுங்க டீச்சரம்மா, பாறையைப் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வந்துருவீங்களா?” என்றார் மாமா.

“உங்க முழத்துல அளந்தா பாதியில தொங்குவீங்க. அது பரவால்லீங்களா?”

பாறை அடியிலிருந்து எங்கள் சாமைக்காட்டில் எண்பது அடி கயிறு போட்டோம். கயிறு முடிந்த இடத்தில் ஒரு பலகையைத் தரையில் வைத்து, அதன்மேல் கோணமானியை நிறுத்தி உச்சியைப் பார்த்தார் அத்தை. முப்பத்தொன்பது பாகை. அட்டவணையில் அதன் டேஞ்சன்ட்டைப் பார்த்து எண்பதால் பெருக்கினார். அறுபத்தைந்து அடி. பாறையில் ஏறாமலே அதன் உயரம் தாளில் வந்துவிட்டது. நான் ஊர் முழுக்க ஓடிச் சொன்னேன். மாமா அன்றே கொடி அறுத்து, எழுபது அடிக்கு ஏணி பின்னத் தொடங்கினார்.

மறுநாள், விட்டுவந்த பெட்டியை எடுக்கப் பலகை கிடந்த இடத்துக்குப் போனோம். நான் பென்சிலை அதன்மேல் வைத்தேன். உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. அத்தை பென்சிலைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

“கண்ணு, இந்தக் காடு சரிவுடா.”

மலையில் பிறந்த எங்களுக்கு அது சமநிலம். ஏர் ஓட்டுகிற இடமெல்லாம் சமநிலம்தான். சரிந்த தரை நிமிர்ந்த பாறையைத் தொடும் இடத்தில் செங்கோணம் இல்லை. செங்கோணம் இல்லாமல் அந்தக் கணக்கே இல்லை.

மூங்கில் எடுத்துவர ஓடினோம். மூங்கிலை மட்டமாகப் பிடித்துப் படிப்படியாக அளந்தோம்: கிடையாக எழுபத்தைந்து அடி, இறக்கம் இருபத்தேழு. கோணமானியில் நூலும் கல்லும் கட்டித் தொங்கவிட்டு, தரையோடு படுத்து உச்சியைப் பார்த்தார் அத்தை. ஐம்பத்தொன்பது பாகை! அதன் டேஞ்சன்ட்டால் எழுபத்தைந்தைப் பெருக்கினால் நூற்றிருபத்தைந்து. பாறையடியிலிருந்து பலகை வரைக்குமான இறக்கத்தைக் கழித்தால் தொண்ணூற்றெட்டு. அத்தை மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் தொண்ணூற்றெட்டு.

“அப்படீன்னா முப்பதடி ஒசரத்துல என்னைத் தொங்க உட்டிருப்பீங்க” என்று மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. “இன்னும் கொடி அறுங்க” என்று மட்டும் சொன்னார்.

இறங்கும் நாளில் நானும் அத்தையும் பாறையடியில் நின்றோம். ஏணி புதரைத் தாண்டி வந்தது, தரையைத் தொட்டது, மேலும் இரண்டு படி சுருண்டு கிடந்தது. நான் குதித்தேன். கணக்கு ஜெயித்த அந்த நிமிடத்தில் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. மாமாவின் கால் மண்ணில் பட்ட பிறகுதான் திறந்தார். கூடியிருந்த பெண்கள் ஏனோ அத்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். தப்பாகப் போட்ட முதல் கணக்குக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டாவது சரி என்று அவர்களோடு சண்டைக்குப் போனேன்.

உச்சியில் ஏணியின் முடிச்சைக் காத்து நின்றது என் அப்பா. எங்கள் பக்கம் அந்த முடிச்சை இறங்குகிறவரின் மனைவியோடு பிறந்தவன்தான் காப்பான். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. கல்யாணமாகாதவர்கள் பெரிய பாறையில் இறங்குவதே இல்லை. மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பா முடிச்சருகே போய் நின்றதும் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் கண் ஏணியின் கடைசிப் படியில் இருந்தது.

தை மாதம் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் நடந்தது. இப்போது அத்தை மலையில் டீச்சர். நான் சமவெளியில் வரைபடம் போடுகிறேன். புதுப்பாறையின் உயரம் தொண்ணூற்றெட்டு அடி.