இட்லி மாவு பொங்கிய தேயிலைத் தொழிற்சாலை

பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைத் தேயிலை பிடித்துக்கொள்ளும். அதனால் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவன் பேனா பிடிக்கும் நேரத்தைவிட மோப்பம் பிடிக்கும் நேரம்தான் அதிகம்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கே சின்னக் கிராணியாகத் திரும்பி வந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் ஆறு மாதம் தற்காலிகம். துரைக்கு, அதாவது தோட்ட மேலாளருக்கு, திருப்தியானால் நிரந்தரம். அப்பாவுக்கு வேலை முடிய இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் நிரந்தரமானால் கிராணி வீடு கிடைக்கும். அம்மா அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலையே தைக்க ஆரம்பித்திருந்தார்.

குளிர் ஊரில் இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டுக் கவலையோடு மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரோரத்துப் பானை

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். தேயிலையை உலர்த்தச் சூடு கொடுக்கும் உலைக்கு வெளிப்பக்கம், கதகதப்பான சுவரை ஒட்டி, சாக்கு போர்த்திய பானை ஒன்று இருந்தது. திறந்தேன். இட்லி மாவு. தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை செய்யும் மாரியம்மா அக்காவின் பானை என்றார்கள்.

எங்கள் தாத்தாக்கள் வெயில் ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டுக்கும் வெயில் வேண்டும். இந்த மலைக் குளிரில் மாவு இரண்டு நாளானாலும் ஆட்டி வைத்தபடியே கிடக்கும். அதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் தொழிற்சாலைப் பக்கம் புளிப்பு வாசனை கூடாது என்று அக்காவிடம் பணிவாகத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த சல்லடையை நிறுத்தவே இல்லை.

"உங்கம்மா பானையும் இந்தச் செவுத்துலதான் இருபது வருசமா இருந்துச்சு. நீ தின்னு வளந்த இட்லி எங்க பொங்குச்சுன்னு நெனச்ச?"

முறைப் பட்டியல்

தடுக்க முடியாததை ஒழுங்காவது படுத்தலாம் என்று நினைத்தேன். படித்தவன் செய்யும் முதல் தவறு அது. எந்தெந்த வீடு எந்தெந்தக் கிழமை பானை வைக்கலாம் என்று கட்டம் போட்டு, பெயர் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

அதுவரை நாலு பானைதான் வந்துகொண்டிருந்தது. பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்த்ததும், மாதம் ஒருமுறை ஆட்டுகிறவர்கள்கூடத் தங்கள் முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாராவாரம் ஆட்டினார்கள். பானைகள் மாறிப்போயின. காலையில் வேலை தொடங்குமுன் என் முதல் வேலை பஞ்சாயத்து. ஒரு நாள் கொழுந்தெடுக்கும் அஞ்சலை அக்கா அலுவலகத்துக்கே வந்து, மேசைமேல் ஒரு பானையை வைத்து, விரலால் மாவை வழித்துக் காட்டினார்.

"இது என் மாவு இல்ல தம்பி. எங்க வீட்டுல உளுந்துல கஞ்சத்தனம் பண்ண மாட்டோம்லா. யாரு வீட்டு மாவுன்னு எனக்குத் தெரியும், சொன்னா சண்டை வரும். நீயே கேட்டுச் சொல்லு."

ஈஸ்ட்

பானைகளைக் குறைக்க வேறு வழி தேடினேன். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ரொட்டி சுடுகிறவரிடம் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கி வந்து, வீட்டில் அம்மாவின் மாவில் கலந்தேன். ஒரு மணி நேரத்தில் மாவு பானையின் வாய்வரை ஏறிவிட்டது. பல்கலைக்கழகம் போனது வீணாகவில்லை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

இட்லியும் பூப்போல வந்தது. அம்மா ஒன்றைப் பிய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாமிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரொட்டிக்கடை வாசனை எனக்கே அடித்தது. அப்பா மட்டும் நாலு இட்லியை அமைதியாகச் சாப்பிட்டுக் கை கழுவினார்.

"கள்ளு வாசம் நல்லாத்தான் இருக்கு. போதையத்தான் காணோம்."

தீபாவளி மழை

தீபாவளிக்கு முந்தைய நாள் செத்தவர்களுக்குப் படையல். அதற்கு இட்லி வேண்டும். அதனால் அதற்கு முந்தைய சாயங்காலம் லயத்துப் பானைகள் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. என் பட்டியலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பதுக்கு மேல் எண்ணுவதை நானும் நிறுத்திவிட்டேன். கூடவே மழையும் வந்தது. இந்த மலையில் மழை மேலிருந்து மட்டும் வராது, பக்கவாட்டிலும் வரும். சாக்கெல்லாம் நனைந்து சுவரே ஜில்லென்று ஆகிவிட்டது.

உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். உள்ளே, உலர்ந்த தேயிலையை மறுநாள் சலிப்பதற்காகக் குவித்து வைத்திருந்தோம். முடியாது என்றேன். இரண்டு தடவை சொன்னேன். மாரியம்மா அக்கா மழையில் நின்றபடியே, "நாளைக்கு எம்புருசனுக்கு மொத வருசப் படையல். கல்லு மாதிரி இட்லியவா அவருக்கு வைக்கச் சொல்ற?" என்றார். அவர் கணவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்தவர். மூலையில் மட்டும், மூடி திறக்காமல் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். தேயிலைமேல் இரண்டு மடங்காகப் படுதா போட்டேன்.

உள்ளே சூடு அதிகம் என்பதை நான் யோசிக்கவில்லை. காலையில் வந்து பார்த்தபோது எல்லா மூடிகளும் தரையில் கிடந்தன. மாவு வழிந்து, படுதாவுக்கு அடியில் புகுந்து, தேயிலைக் குவியலின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் இருந்த அத்தனை தேயிலையும் புளிப்பு வாசனையைப் பிடித்துவிட்டது. உலையைப் பார்த்துக்கொள்ளும் வீரப்பன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, மனசார மகிழ்ந்து சொன்னார்.

"நானும் முப்பது தீபாவளி பாத்துட்டேன் தம்பி. மாவு இந்த மாதிரி பொங்கி பாத்ததே இல்ல."

துரை குடித்துப் பார்த்தார்

ஒவ்வொரு நாள் தேயிலையையும் துரை வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்பிப் பார்ப்பார். அன்றைக்குத் துப்பியவர், இன்னொரு முறையும் ஊற்றிப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். காரணம் தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். மழையைச் சொல்லியிருக்கலாம். திரைச்சீலை ஞாபகம் வந்தது. வீடு வேண்டும், பொய்யும் வரவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன் என்று சொன்னேன்.

துரை எழுந்து போய்ச் சுவரிலிருந்த என் பட்டியலைக் கிழித்துக்கொண்டு வந்தார். முதல் பெயரிலிருந்து என் கையெழுத்துவரை படித்தார். அவர் தோட்டத்துத் தமிழ்தான் பேசுவார். மரியாதை மட்டும் அதில் சேராது.

"நீ மறைக்கல, அதனால வேலைய விட்டு நிறுத்தல. இன்னும் ஆறு மாசம் தற்காலிகமா இரு, பாக்கலாம். மாவ நிறுத்தினா நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான். செவுத்துக்கு வெளிய தகரக் கூரை போட்டுக் குடு."

கூரை

அந்தக் கூரையை நான்தான் பக்கத்தில் நின்று போட வைத்தேன். அம்மா திரைச்சீலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அப்பா வேலை முடியும் நாளை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். என் கூடுதல் ஆறு மாதமும் அவருடைய ஒரு வருடத்தில் மிச்சமிருந்த மாதங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கூரை முடிந்த அன்று மாரியம்மா அக்கா முதல் பானையோடு வந்து, தூண்களை ஆட்டிப் பார்த்தார்.

"நல்ல கெட்டியான கூரைலா தம்பி. யாரு வந்தாலும் போனாலும் இத அசைக்க முடியாது."

பட்டம் வாங்கிய என்னை நிரந்தரமாக்கத் தோட்டத்துக்கு ஒரு முழு வருடம் தேவைப்பட்டது; உளுந்து மாவை நிரந்தரமாக்க ஒரே ஒரு மழை போதுமானதாக இருந்தது.